பண்ருட்டிக்காரன் டுரியான் பறித்த விடுமுறை

1

இந்த மே மாதத்தோடு நான் மலேசியாவின் ஜொகூருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. வருடம் முடிந்த அன்று காலையில் மனைவி தேவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா? கேஸ் சிலிண்டர் முடிஞ்சு போச்சு. வர்றப்ப கடையில சொல்லிட்டு வாங்க" என்றாள். மகள் யாழினியிடம் சொன்னேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே "கங்கிராட்ஸ்பா" என்றாள். அத்தோடு விழா இனிதே நிறைவுற்றது.

ஊரில் இருப்பவர்கள் நான் இங்கே என்ன செய்கிறேன் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். சொல்கிறேன். கூலாயில் வீடு. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடி அடிக்கிற இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம், அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. வந்த மறுவருடமே இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த தேவியைக் கல்யாணம் செய்துகொண்டேன். இந்தியாவிலிருந்து வந்தவனை இங்கே தமிழர்கள் 'ஊர்க்காரர்' என்பார்கள். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நான் 'மலேசியாக்காரர்'. இரண்டு ஊரிலும் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் சண்டை போடவும் வழியில்லை.

நான் இந்த நாட்டில் இருப்பதே தேவியின் தயவில்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, சட்டப்படியே அப்படி. இங்கே தங்குவதற்கான என் விசா பாஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் குடியுரிமை உள்ள மனைவி நேரில் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். குடிநுழைவு அலுவலகக் கவுண்டரில் இருப்பவர் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. என்னைக் காட்டி அவளிடம்தான் கேட்பார்: "இவர் இன்னும் உங்களோடுதான் இருக்கிறாரா?" தேவி உடனே பதில் சொல்ல மாட்டாள். என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பாள். அதனாலேயே புதுப்பிக்கப் போகிற வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது என்று மாமியார் பூரித்துப்போவார்.

2

யாழினிக்குப் பதின்மூன்று வயது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். தமிழில் கட்டுரை எழுதினால் பக்கம் பக்கமாக எழுதுவாள். பண்ருட்டியில் என் தம்பி பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம். தமிழில் ஒரு கல்யாணப் பத்திரிகையை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். ஆனாலும் போன விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் போனபோது சிரித்தது அவர்கள், சிரிப்புக்கு ஆளானது இவள்.

விஷயம் இதுதான். இங்கே காலை உணவு சாப்பிடுவதைப் 'பசியாறுவது' என்போம். தம்பி மனைவி இட்லி எடுத்துக்கொண்டு வந்தபோது இவள், "நான் பசியாறிட்டேன் சித்தி" என்றாள். பிள்ளைகள் இரண்டும் தரையில் உருண்டன. பிறகு காரைக் 'காடி' என்றாள், அதற்கு ஒரு ரவுண்டு. பேச்சின் கடைசியில் இங்கத்திய வழக்கப்படி ஒரு 'லா' விழுந்துவிட்டது, அதற்கு இரண்டு ரவுண்டு. நான் பக்கத்திலேயே நின்று அவள் சொன்னதையெல்லாம் ஊர்த் தமிழில் திருப்பிச் சொல்லி உதவிக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஒரு தகப்பன் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்?

திரும்பி வரும் விமானத்திலேயே அவள் சொல்லிவிட்டாள், "இனிமே நான் பண்ருட்டிக்கு வரமாட்டேன்." சின்னப் பிள்ளை, இரண்டு வாரத்தில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் பார்க்கலாமா என்று ஏப்ரலில் கேட்டேன். "நீங்களும் அம்மாவும் போய்ட்டு வாங்க. நான் பெரியம்மா வீட்டுல இருந்துக்குறேன்" என்றாள், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். நிதானமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. இப்போது விட்டால் பிறகு இவள் அந்த ஊரை மிதிக்கவே மாட்டாள், என் தம்பியின் பிள்ளைகளுக்கும் இவளுக்கும் ஒட்டு உறவே இல்லாமல் போய்விடும் என்று எனக்கு அடிக்கடி தூக்கம் கெட்டது.

அப்போதுதான் ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. தேவியின் அக்கா சாந்தியும் அவர் வீட்டுக்காரர் மணியம் அண்ணனும் தங்காக்கில் இருக்கிறார்கள். அண்ணனுக்கு டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஊருக்கு வெளியே, லேடாங் மலை அடிவாரத்தில், ஆசைக்கு ஒரு டுரியான் பழத் தோட்டம் வாங்கிப்போட்டு அதில் ஒரு சின்ன வீடும் கட்டியிருக்கிறார். "மூனு நாள் தோட்டத்துல வந்து இருங்க" என்றார்.

நான் யாழினியிடம் பேரம் பேசினேன். "இந்த மூனு நாள்ல அப்பா உனக்கு கிராமத்து வாழ்க்கைன்னா என்னன்னு காட்டுறேன். புடிச்சிருந்தா டிசம்பர்ல பண்ருட்டி வரணும்."

"புடிக்கலன்னா?"

"புடிக்கும்."

"பாக்கலாம் லா" என்றாள்.

3

தொழிற்சாலையில் திட்டம் போட்டே பழகியவன் நான். மூன்று நாளுக்கும் நிகழ்ச்சி நிரல் தயாரித்து குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். ஓடையில் குளியல், குளத்தில் மீன் பிடித்தல், விறகு அடுப்பில் சமையல், மரங்களை அறிதல். கடைசிப் பாடத்தை நானே நடத்துவதாக இருந்தேன். மணியம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "யூனிஃபார்ம் உண்டா தம்பி?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

முதல் நாள் ஓடைக்குப் போனோம். மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. "கிணத்துல தலைகீழாக் குதிச்சவன்டா உங்கப்பன்" என்று சொல்லிக்கொண்டே காலை வைத்தேன். பாசியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்ச தூரம் போனேன். வெளியே வந்து பார்த்தால் கெண்டைக்காலில் அட்டை. நான் போட்ட கூச்சலில் அக்கரையில் குளித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க் குடும்பம் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடியது, ஏதோ முதலை வந்துவிட்டது என்று. யாழினிதான் வந்து நகத்தால் நெம்பி அட்டையை எடுத்துப் போட்டாள்.

சாயங்காலம் மீன் பிடித்தோம். அவள் தூண்டிலில் மீன் மாட்டியது. என் தூண்டில் மணியம் அண்ணனின் தொப்பியில் மாட்டியது. ஆனால் அன்று முழுக்க அவள் போனைத் தொடவில்லை, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கிராமத்து வாழ்க்கையைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று நான் விசாரிக்கவில்லை.

4

இரண்டாம் நாள் மத்தியானம் மணியம் அண்ணனும் அக்காவும் தேவியும் தங்காக் டவுனுக்குப் புறப்பட்டார்கள். அங்கே துணிக்கடைகள் பிரசித்தம். தேவி, "ஒரே ஒரு கடைதான்" என்றாள், ஆக எப்படியும் சாயங்காலம் ஆகும். கிளம்பும்போது அண்ணன் வாசலோரம் இருந்த பெரிய டுரியான் மரத்தைக் காட்டி, "இதுதான் தோட்டத்துக்கே ராஜா. நாளைக்கு மூவார்ல இருந்து நம்ம ஃப்ரெண்டுங்க வர்றாங்க, இந்த மரத்துப் பழத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பண்ருட்டிக்காரனிடம் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தனியாக விட்டுப் போகலாமா?

ஊரில் எங்கள் அப்பாவுக்குப் பலாப்பழ மண்டி. விவரம் தெரிந்த நாளாகப் பலாவைத் தட்டிப் பார்த்தே வளர்ந்தவன் நான். 'டப் டப்' என்றால் விளைந்தது, 'டங் டங்' என்றால் இன்னும் பிஞ்சு. விளைந்ததைக் காம்போடு வெட்டிக் கயிற்றில் இறக்கி, இரண்டு நாள் வீட்டில் போட்டால் தெருவே மணக்கும். மரத்திலேயே பழுத்துத் தானாக விழும்வரை விட்டுவைத்தால், 'இவனெல்லாம் ஒரு தோப்புக்காரனா' என்று ஊர் காறித் துப்பும். டுரியானும் முள்ளுத் தோல், உள்ளே சுளை, சுளைக்குள் கொட்டை. பலாவுக்குத் தம்பி முறை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இந்த மரத்தில் தாழ்ந்த கிளையில் பழம் வரிசையாகத் தொங்கியது. அடியில் வலை கட்டியிருந்தார்கள். கோழி மேய்ந்துவிடாமல் இருக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்ஜினியர் மூளை! ஏணி போட்டு ஏறி விரலால் தட்டினேன். 'டப் டப்.' எனக்கு உடம்பே சிலிர்த்தது. நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். மணியம் அண்ணன் திரும்பி வரும்போது பழமெல்லாம் இறக்கி அடுக்கித் தயாராக இருந்தால் எப்படி மலைத்துப்போவார்!

யாழினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொட்டகையிலிருந்து செம்பனைக் குலை வெட்டுகிற நீளக் கழியை எடுத்து வந்ததும் ஓடி வந்தாள்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"பாரு. மரங்களை அறிதல், பாடம் ஒன்னு."

"வேணாம்பா. டுரியான் தானா விழணும். யாரும் பறிக்க மாட்டாங்க."

"யாரும் பறிக்கலன்னா, பறிக்கத் தெரியலன்னு அர்த்தம்."

"அப்பா, சொன்னா கேளுங்கப்பா. ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைக்கும் தெரியும் லா."

"உங்க ஸ்கூல்ல பண்ருட்டிக்காரன் எத்தன பேரு?"

அவள் போய்ப் படியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் எட்டுகிற பழத்தையெல்லாம் தட்டி, வெட்டி, கயிற்றில் இறக்கித் தள்ளுவண்டி நிறைய அடுக்கினேன். சட்டையெல்லாம் பிசுக்கு. பதினைந்து வருடமாக இந்த நாட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு மணிக்குக் கார் வந்தது. முதலில் இறங்கிய மணியம் அண்ணன் வண்டியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு பழத்தைத் தூக்கிக் காம்பை முகர்ந்தார். பிறகு கவிழ்த்துக் கிடந்த வாளியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"தம்பி, இது யாரு சொல்லிப் பறிச்சது?"

"நானேதான்ணே. தட்டிப் பார்த்தேன். விளைஞ்ச சத்தம் வந்துச்சு."

"சத்தமா?"

"ஆமாண்ணே, டப் டப்னு."

அவர் வாய் கோணியது. அழப்போகிறார் என்றே நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "சாந்தி! இங்க வா! ஊர்க்காரரு டுரியான்கிட்ட பேசியிருக்காரு! அது 'பழுத்துட்டேன், என்னக் கூட்டிட்டுப் போ'ன்னு சொல்லியிருக்கு!"

"அலமாக்!" என்று அக்கா தலையில் கை வைத்தார். தேவி என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த பாஸ் புதுப்பித்தல் என் கண்முன் வந்துபோனது. "இது என்ன பலாக்காயா?" என்றாள். "டுரியான் தானா காம்பு விட்டு விழுந்தாத்தாங்க பழம். முன்னாடியே வெட்டினா உள்ள சப்புன்னு கிடக்கும். விழற பழத்தப் புடிக்கத்தான் வலை கட்டியிருக்கு."

நான் தோல்வியை அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. போனில் தேடிப் பிடித்துவிட்டு வந்தேன். "தாய்லாந்துல வெட்டித்தான் எடுக்கறாங்க, தட்டிப் பார்த்துத்தான் வெட்டறாங்க. இதோ பாருங்க."

"அப்படின்னா விசாவ அங்க எடுத்திருக்கணும் தம்பி" என்றார் மணியம் அண்ணன்.

அவர் நல்ல மனுஷன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தள்ளுவண்டியோடு என்னைப் படம் எடுத்து, குரல் பதிவும் போட்டு, மொத்தக் குடும்பத்துக்கும் அனுப்பிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து சிரிப்பு வந்தது, கிள்ளானிலிருந்து வந்தது. கடலோர ஊரான பத்து பாகாட்டிலிருந்து தேவியின் சித்தப்பா மகன், "அடுத்த லீவுக்கு இங்க வாங்க மாமா, கடல்ல மீன் பழுத்திருக்கான்னு தட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தான்.

5

எனக்கு மானம் போய்விட்டது. உள்ளே போய்த் துணியைப் பையில் திணித்தேன். தேவியிடம், "ஃபேக்டரில மெஷின் நின்னுடுச்சாம். அவசரமாக் கூப்பிடறாங்க. நீங்க பஸ்ல வந்துடுங்க" என்றேன். அவள் நம்பினாளா என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. பையைக் காரில் போட்டுவிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. யாழினி ஏறி உட்கார்ந்தாள்.

"ஃபேக்டரியில இருந்து கூப்பிட்டாங்களா?"

"ம்."

"உங்க போன் உள்ள சார்ஜ்ல கிடக்கு."

ஸ்டீயரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"சிரிச்சாங்கன்னுதானே போறீங்க?"

"பின்ன? நல்லது பண்ணப் போய் இப்படிக் குடும்பமே கெக்கெக்கேன்னா யாரு உக்காந்திருப்பா?"

"சரி, போங்க. ஆனா அப்புறம் என்ன பண்ருட்டிக்குக் கூப்பிடாதீங்க."

"அதும் இதும் ஒன்னாம்மா? நான் பண்ணது முட்டாள்தனம். நீ தப்பு ஒன்னும் பண்ணலயே. நம்ம தமிழதானே பேசின?"

"அது எனக்குத் தெரியும். நீங்கதான் அங்க அப்படிச் சொல்லல." அவள் கார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் பசியாறிட்டேன்னு சொன்னப்ப அவங்க சிரிச்சது கூடப் பரவால்லப்பா. நீங்க உடனே, 'சாப்பிட்டாச்சுன்னு சொல்றா'ன்னு சொன்னீங்க. நான் என்ன பேசினாலும் அத நீங்க திரும்பச் சொன்னீங்க. அப்புறம் யாருமே என்கிட்ட பேசல. எல்லாத்தயும் உங்ககிட்டதான் கேட்டாங்க. பாப்பாவுக்குக் காபி வேணுமான்னு உங்களக் கேட்டாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

கவுண்டரில் தேவியின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பெற்ற பிள்ளை வாயால் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை.

"இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" என்றேன்.

"ஒன்னும் பண்ண வேணாம். இருங்க. நாளைக்கு அந்த மூவார் ஆளுங்க வந்தோன்ன பெரியப்பா கண்டிப்பா இந்தக் கதயச் சொல்லுவாரு. நீங்க என்ன பண்றீங்கன்னு நான் பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன், டிசம்பர்ல வர்றேனா இல்லயான்னு."

இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தேவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மெஷின் ஓடிடுச்சா?" என்றாள். ஓடிவிட்டது என்றேன்.

6

மறுநாள் மத்தியானம் மூவாரிலிருந்து இரண்டு கார்கள் வந்தன. மணியம் அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர்கள், அவர்கள் மனைவிமார். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர். மரத்தடியில் பாய் விரித்து, மற்ற மரங்களிலிருந்து விடிகாலையில் விழுந்த பழங்களை உடைத்து வைத்தார்கள். ராஜா மரத்தின் கீழ்க்கிளை மொட்டையாக இருந்ததை ஆசிரியர் கவனித்துவிட்டார். என்ன ஆனது, குரங்கா என்று மலாயில் கேட்டார்.

மணியம் அண்ணன் தொண்டையைச் செருமினார். எனக்குக் கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண் தானாகத் தேடியது. எதிரே யாழினி சுளையைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இருங்க" என்றேன். "நீங்க அப்ப இங்க இல்ல. இருந்தவன் நான். நானே சொல்றேன்."

ஆசிரியருக்காக மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. என் மலாய் தொழிற்சாலை மலாய். 'அழுத்து', 'நிறுத்து', 'கையை எடு' இதெல்லாம் சரளமாக வரும். அதை வைத்துக்கொண்டு எங்கள் அப்பாவின் பலா மண்டியில் ஆரம்பித்தேன். ஏணியில் ஏறிக் காட்டினேன். 'டப் டப்' என்று தட்டி, காதை வைத்துக் கேட்டுக் காட்டினேன். பாயில் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். உச்சகட்டம் வந்தபோது, பழத்தை வெட்டினேன் என்பதற்குப் பதிலாக மரத்தை வெட்டினேன் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் பதறிப்போய் எழுந்து மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

யாழினியின் வாய் திறந்தது. சரியான சொல் அவள் நாக்கு நுனியில் நின்றது எனக்குத் தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு, நான் தட்டுத்தடுமாறி நானே வெளியே வரும்வரை காத்திருந்தாள். வந்துவிட்டேன். பழம், பழம், மரம் பத்திரமாக இருக்கிறது என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, பெரிய சுளையாகப் பார்த்து எடுத்து என் கையில் வைத்தார்.

சாப்பிட்டபின் கை வாடை போக, டுரியான் ஓட்டுக்குள் தண்ணீர் ஊற்றி அதில் கழுவுவது இங்கத்திய வழக்கம். யாழினி ஓட்டைப் பிடித்துக்கொள்ள, நான் கழுவினேன்.

"டிசம்பருக்கு டிக்கெட் போட்டுருங்கப்பா" என்றாள்.

"மூனு பேருக்குமா?"

"மூனு பேருக்குந்தான். ஆனா ஒன்னு, நான் பேசறப்ப நீங்க நடுவுல வரக்கூடாது. சிரிச்சா சிரிக்கட்டும். பதினஞ்சு வருஷமா இங்க எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிக்கறாங்க. நீங்க இருக்கீங்கல்ல?"

டிக்கெட் போட்டாகிவிட்டது. பண்ருட்டியில் இதைப் படிப்பவர்களுக்கு, முக்கியமாக என் தம்பி பிள்ளைகளுக்கு (யாராவது படித்துச் சொல்லுங்கள்), ஒரு வேண்டுகோள். டிசம்பரில் யாழினி வருகிறாள். காலையில் இட்லி கொடுத்தால் பசியாறிவிட்டேன் என்பாள். காபி வேண்டுமா என்று அவளிடமே கேளுங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், அவள் ஓடிப்போக மாட்டாள். பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பான். அவனைத்தான் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.